பாட்டில் இருக்கும் அப்பாவும் வீட்டில் இருக்கும் அப்பாவும்

வாசகி கடிதம்

டாக்டர் மேடத்துக்கு வணக்கம். நாங்கள் டென்னசி மாநிலம் மர்ஃப்ரீஸ்பரோவில் இருக்கிறோம். வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் கணவருக்கு வயது 56. வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜராக இருந்தார். போன வருடம் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. என் வேலையும் அதில் வரும் இன்சூரன்ஸும் இருப்பதால் குடும்பம் ஓடுகிறது. ஆரம்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டு முன்னால் புல் வெட்டிக்கொண்டே இருப்பார். "புல் வளரவே விடமாட்டேங்கிறாரே" என்று தெருவில் கேலி செய்வார்கள். இப்போது அந்த மெஷினைத் தொடுவதே இல்லை. கணேசர் கோயிலுக்கும் வருவதில்லை. யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை.

என் கவலை மகனைப் பற்றி. அவனுக்கு வயது 23. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தவன், பாதியில் பாட்டு எழுதும் படிப்புக்கு மாறிவிட்டான். இப்போது நாஷ்வில்லில் நண்பர்களோடு தங்கி, காபிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு எழுதுகிறான். எல்லாப் பாட்டிலும் சாவு, பிரிவு, குடி. போன வாரம் மகள் ஒரு ரெக்கார்டிங் அனுப்பினாள். அப்பாவைப் பற்றியே எழுதியிருக்கிறான். சனிக்கிழமை தவறாமல் புல் வெட்டும் அப்பா, அப்புறம் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கும் புல், சாப்பாட்டு மேஜையில் வாய் திறக்காத அப்பா. கடைசியில் மகன் வந்து ஒன்றும் பேசாமல் புல்லை வெட்டுகிறான். நடுவில் அப்பா விஸ்கி குடிக்கிறார் என்று ஒரு வரி வேறு. என் கணவர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை! இன்னும் மூன்று வாரத்தில் இதை ஒரு மேடையில் பாடப் போகிறானாம். தமிழ்ப் பள்ளிக் குடும்பங்கள் சிலர் வருவதாகச் சொல்கிறார்கள். கேட்டால் "மென்டல் ஹெல்த் அவேர்னஸ்மா" என்கிறான்.

இந்த மாதிரிப் பாட்டுகளால் தற்கொலை எண்ணம் வரும் என்று ஆராய்ச்சியே இருப்பதாக ஊரிலிருந்து என் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். என் மகனுக்கு மனநோயா? பாட்டைத் தடுக்கலாமா? அந்த விஸ்கி வரியையாவது எடுக்கச் சொல்லலாமா? இது அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? அவருக்கு டிப்ரஷனாக இருக்குமோ என்று மகள் கேட்கிறாள். இவ்வளவு பாசமான குடும்பத்தில் அது எப்படி வரும்? தூக்கம்தான் இல்லை, விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மற்றபடி பொறுப்பாகத்தான் இருக்கிறார். போன மாதம்கூட பேங்க் பேப்பர், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது பெரும்பாலும் மகனைப் பற்றி. எனக்குப் பயம் தந்தது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. அதனால் இந்தப் பதிலின் முதல் பகுதியை அச்சுக்கு அனுப்பும் முன்பே ஆசிரியர் மூலமாக உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் இங்கே மறுபடியும் எழுதுகிறேன்.

வேலை போன ஒரு மனிதர் பேங்க் பேப்பரை அடுக்கி வைப்பதில் தப்பே இல்லை. ஆனால் மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறவர், பிடித்துச் செய்த புல் வெட்டும் வேலையை விட்டவர், கோயிலையும் நண்பர்களையும் விட்டவர் திடீரென்று எல்லா பேப்பரையும் ஒரே ஃபைலில் போட்டு மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தால், நான் அதைப் பொறுப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன். தான் இல்லாத வீட்டுக்கு ஏற்பாடு செய்கிறாரோ என்று கேட்பேன். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அவரிடம் கேட்பதுதான்.

இன்றைக்கே கேளுங்கள். டிவி ஓடாத நேரமாக, நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது. சுற்றி வளைக்க வேண்டாம். "ஏங்க, கொஞ்ச நாளா உங்களைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். "அந்த மாதிரி எல்லாம் ஒண்ணும் நினைக்கலையே?" என்று கேட்காதீர்கள். இல்லை என்ற பதிலை நீங்களே அவர் வாயில் வைத்துவிடுகிறீர்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நம் வீடுகளில் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை. பல வருட ஆராய்ச்சி இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. கேட்டதும் பாரம் இறங்கியது போல அழுத ஆண்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ, அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு போன் செய்யலாம், மெசேஜும் அனுப்பலாம். 2022 ஜூலையிலிருந்து அமெரிக்கா முழுவதற்கும் இதுதான் எண். நீங்களே அவர் சார்பில் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம். எப்படிச் செய்வது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன் என்றால் நேராக எமர்ஜென்சிக்கு அழைத்துப் போங்கள், முடியாவிட்டால் 911. (தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு டெலி மனஸ் 14416, இலங்கையில் 1926.)

வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. டென்னசியில் இதைக் கேட்காமல் எந்த மனநல மருத்துவரும் உங்களை அனுப்ப மாட்டார். நம்மவர்கள் வீட்டிலெல்லாம் ஏது என்று முன்பு நினைப்பார்கள். தெருவில் ஒரு திருட்டு நடந்தால் மறுவாரம் ஒன்று வாங்கி அலமாரி மேலே வைத்துவிடுகிறவர்கள் இப்போது உண்டு. அமெரிக்காவில் தற்கொலை மரணங்களில் பாதிக்கு மேல் துப்பாக்கியால்தான். அந்த எண்ணம் முற்றி நிற்கும் நேரம் பல சமயம் மிகக் குறுகியது, அந்த நேரம் கையில் ஆயுதம் இல்லாதவர் பிழைத்துக்கொள்கிறார். இருந்தால், இந்த வாரமே நம்பிக்கையான ஒருவர் வீட்டுக்கு அது போகட்டும். மருந்துப் பெட்டியில் மீந்து கிடக்கும் பழைய மாத்திரைகளையும் வெளியேற்றுங்கள். அவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டியதில்லை. "நீங்க தேறுற வரைக்கும் இது இங்க வேண்டாம்" என்று சொல்லியே செய்யலாம்.

அடுத்தது டாக்டர். மனநல மருத்துவரிடம் முதல் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் குடும்ப டாக்டரே ஆரம்பிக்கலாம். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார், ஒன்பதாவது கேள்வி நான் மேலே சொன்னதுதான். தைராய்டு, பி12, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இவையும் மனிதனை இதே மாதிரி முடக்கிப் போடும். சைவச் சாப்பாட்டுக்காரராக இருந்தால் பி12 கட்டாயம். மருந்து எழுதினால், மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். பத்தாம் நாள் "இதுல ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் அவர் மேல் கூடுதலாக ஒரு கண் இருக்கட்டும். அவர் குடும்பத்தில் யாராவது தற்கொலை செய்துகொண்டார்களா, யாருக்காவது மனநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்பார். நம் வீடுகளில் "நெஞ்சு வலியில போயிட்டார்" என்று சொல்லிவைத்திருக்கும் சாவுகள் உண்டு. டாக்டரிடம் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள்.

இனி, பாசமான குடும்பத்தில் இது எப்படி வரும் என்ற உங்கள் கேள்வி. உங்கள் மகன் போயிருக்கும் ஊரிலிருந்தே ஒரு பதில் சொல்கிறேன். நவோமி ஜட், வைனோனா ஜட் என்று அம்மாவும் மகளுமாகப் பாடிய ஜோடி ஒன்று உண்டு. நர்ஸாக வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர் அந்த அம்மா. 1980களில் கன்ட்ரி இசையில் இவர்களுக்கு மேலே யாரும் இல்லை என்கிற அளவுக்குப் பேர். நவோமிக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை, 2016இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 2022 ஏப்ரல் 30 அன்று தற்கொலை செய்துகொண்டார். மறுநாள்தான் அம்மாவையும் மகளையும் கன்ட்ரி இசையின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவத்தில் சேர்க்கும் விழா. வைனோனாவும் அவர் தங்கையும் அந்தத் துக்கத்தோடு போய் மேடையில் நின்றார்கள். மனநோய் என்ற நோய்க்கு அம்மாவைப் பறிகொடுத்தோம் என்றுதான் அவர்கள் உலகத்துக்குச் சொன்னார்கள்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், உங்கள் கணவர் இன்னும் சிகிச்சைக்கே வரவில்லை. பணம், பேர், பாசம், பக்தி, விழிப்புணர்வு எல்லாம் இருந்த வீட்டிலும் இந்த நோய் வந்தது. அதனால் உங்கள் வீட்டுக்கு வந்ததற்கு உங்கள் பாசத்தில் குறை தேட வேண்டாம். மகளின் சந்தேகம் எனக்குச் சரியாகவே படுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் மனச்சோர்வின் பாடப்புத்தக வரிசை. நேரில் பார்க்காமல் நோயின் பேரை நான் முடிவு செய்ய முடியாது, அவ்வளவுதான்.

உங்கள் அண்ணன் அனுப்பிய ஆராய்ச்சி உண்மையில் இருக்கிறது, அவர் மேல் கோபப்பட வேண்டாம். 1992இல் ஸ்டீவன் ஸ்டாக், ஜிம் குண்ட்லாக் என்ற இருவர் வெளியிட்டது. அமெரிக்காவின் 49 பெருநகரப் பகுதிகளை எடுத்து, ரேடியோவில் கன்ட்ரி இசைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று பார்த்தார்கள். நேரம் அதிகமாக இருந்த ஊர்களில் வெள்ளையர்களின் தற்கொலை விகிதமும் அதிகமாக இருந்தது என்றார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கைச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. சண்டை பல வருடம் நடந்தது. 2004இல் அந்தக் கட்டுரைக்கு 'இக் நோபல்' கொடுத்தார்கள், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. எப்படியானாலும் அது ஊர்களைப் பற்றிய கணக்கு. யார் எந்தப் பாட்டைக் கேட்டார், அவருக்கு என்ன ஆனது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் மகனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அவனைப் பற்றிச் சொல்ல அவன் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாஷ்வில்லில் வேலை பார்ப்பதால் பாட்டு எழுதுகிறவர்கள் என்னிடம் வருவது சகஜம். இந்த ஊரில் பாட்டு எழுதுவது ஏறக்குறைய ஆபீஸ் வேலை. காலை பத்து, பதினொரு மணிக்கு என்று நேரம் குறித்து இரண்டு பேர், மூன்று பேர் ஓர் அறையில் கிடாரோடு உட்காருவார்கள். அரை மணி நேரம் அரட்டை. யாருக்கு விவாகரத்து, யார் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று பேச்சு ஓடும். அதிலிருந்து ஒரு வரி விழும், அதைப் பிடித்துக்கொள்வார்கள். மாலைக்குள் ஒரு பாட்டு. மறுநாள் வேறு இரண்டு பேரோடு வேறு பாட்டு. டைரி எழுதுவதைப் போல ஒருவர் தனியாக அழுதுகொண்டே எழுதுவது இங்கே குறைவு. சாவும் பிரிவும் குடியும் இந்தப் பாட்டு மரபின் சரக்கு. 1927இல் டென்னசி எல்லையில் பிரிஸ்டல் என்ற சிற்றூரில் கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழு முதல் ரெக்கார்டிங் செய்த நாளிலிருந்து வீடும் அம்மாவும் கல்லறையும்தான் பாடுபொருள். நம் ஒப்பாரி பாடும் கிழவிக்கு மனநோய் என்று யாராவது சொல்வார்களா?

ஆகவே பாட்டு வரியை வைத்து நான் யாருக்கும் நோய் சொல்ல மாட்டேன். அவன் நாளை எப்படிக் கழிக்கிறான் என்று பார்ப்பேன். காலை ஷிப்டுக்கு நேரத்துக்குப் போகிறானா? தூங்குகிறானா, சாப்பிடுகிறானா? ஆரம்பித்த பாட்டை முடிக்கிறானா? கூட உட்கார்ந்து எழுத ஆட்கள் இருக்கிறார்களா? அக்கா தங்கையிடம் பேசுகிறானா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு ஆமாம் என்றே தோன்றுகிறது. இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகச் சரிந்தால் அப்போது கவலைப்படுங்கள், அவன் அந்த மாதம் எழுதியது காதல் பாட்டாக இருந்தாலும் சரி. குடி மட்டும் பாட்டைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். மேடைக்குப் பின்னால் இலவசமாகக் கிடைக்கும் பீர் இந்தத் தொழிலில் நிறையப் பேரைச் சாய்த்திருக்கிறது. அவனிடமும் அந்த நேர்க் கேள்வியை ஒரு முறை கேட்டுவிடுங்கள். அப்பாவிடம் கேட்டதைவிட இது சுலபமாக இருக்கும், இந்தத் தலைமுறைக்கு இதெல்லாம் பேசிப் பழக்கம்.

எழுதினால் மனம் தேறுமா என்பதும் ஆராய்ந்து பார்த்த விஷயம்தான். 1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர், தங்களுக்கு நேர்ந்த மோசமான அனுபவத்தை நாலு நாள் தொடர்ந்து கால் மணி நேரம் எழுதச் சொல்லி மாணவர்களிடம் சோதித்தார். நிகழ்ச்சியோடு மனதில் உள்ளதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் இதைவிடச் சின்னதாக, ஆனால் இருப்பதாகத் தெரிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பின்னால் கவனித்த ஒன்று. நாலு நாளும் ஒரே புலம்பலை எழுதியவர்களைவிட, எழுத எழுத 'ஏன் இப்படி ஆனது' என்று கதை நகர்ந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். உங்கள் மகனின் பாட்டு நகர்கிறது. முதலில் பார்க்கிறான், பிறகு கவலைப்படுகிறான், கடைசியில் வந்து புல்லை வெட்டுகிறான். அப்பா ஒரு வருடமாகக் கரைந்துகொண்டிருப்பதை உங்கள் வீட்டில் முதலில் வெளியே சொன்னவன் அவன்தான். கோபத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் அவனோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 'அவேர்னஸ்' என்கிறான். யாருக்கு? முன்பின் தெரியாத தொண்ணூறு பேர் அந்த இரவு கண் கலங்கி, கைதட்டி, காரை எடுத்துக்கொண்டு போவார்கள். பாட்டின் நாயகர் மர்ஃப்ரீஸ்பரோவில் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவருக்கு இன்னும் ஒரு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்கூட இல்லை. பாட்டில் வரும் மகன் பேசாமல் புல்லை வெட்டுவது கேட்க அழகாகத்தான் இருக்கும். வீட்டில் இருக்கும் மகன் வாயைத் திறந்தாக வேண்டும். இந்த வாரம் வந்து அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போகும் வேலையை அவனிடமே கொடுங்கள். உங்கள் பேச்சுக்கு "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்கிறவர், மகன் காரோடு வாசலில் நின்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். மறுத்தால் டிப்ரஷன் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். "மூணு மணிக்கு எழுந்திரிக்கிறீங்களேப்பா, அதைக் காட்டிட்டு வருவோம்" என்றால் போதும். தூக்கத்துக்காக டாக்டரிடம் போக எந்த ஆணுக்கும் வெட்கம் இல்லை.

மூன்று வாரத்தில் வரும் மேடைக்கு வருவோம். தடுக்க வேண்டாம். ஆனால் இந்த ஒரு பாட்டை இந்த முறை பாட வேண்டாம் என்று கேளுங்கள். நாஷ்வில்லில் 'ரவுண்ட்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கிரீன் ஹில்ஸ் பக்கம் கடைவரிசை ஒன்றுக்குள் இருக்கும் ப்ளூபேர்ட் கஃபேயால் பிரபலமானது. மூன்று நான்கு பேர் நடுவில் ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பாடுவார்கள். ஒருவருக்கு மூன்று நான்கு பாட்டு வாய்க்கும். அவனிடம் வேறு பாட்டுகள் இருக்கின்றன, ஒன்றை மாற்றிக்கொள்வதால் அவனுக்கு நஷ்டம் இல்லை.

நான் இப்படிச் சொல்வதற்குக் காரணம் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்கள் இல்லை. அந்தச் சபையில் பாட்டைவிட எனக்குப் பயம் அதற்கு முன் சொல்லும் கதை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது எப்படிப் பிறந்தது என்று எழுதியவர் இரண்டு நிமிடம் பேசுவார். ஜனம் அதற்காகவே வருகிறது. பாட்டில் அப்பாவுக்குப் பேர் இல்லை, ஊர் இல்லை. "போன வருஷம் எங்கப்பாவுக்கு வேலை போச்சு" என்று அவன் மைக்கில் ஆரம்பித்தால் எல்லாம் வந்துவிடும். யாராவது போனில் படம் பிடிப்பார்கள், மறுநாள் அது வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். பாட்டு அவனுடையது, எழுத அவனுக்கு உரிமை உண்டு. அந்த முன்கதை அப்பாவுடையது. அதைச் சொல்ல அப்பாவிடம் கேட்க வேண்டும். தேறிய பிறகு "சொல்லேன், அதனால என்ன" என்று அவரே சொல்லக்கூடும். இப்போது இருக்கும் நிலையில் அவரால் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். மனச்சோர்வில் இருப்பவருக்குத் தன்னைப் பற்றிய எந்தச் சொல்லும் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். 'நான் இவர்களுக்குப் பாரம்' என்ற எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது, முழங்கால் உயரப் புல் என்ற வரி மட்டும் தைக்கும், கடைசியில் மகன் வந்தது காதில் விழாது. அதனால் உங்கள் மகள் அனுப்பிய ரெக்கார்டிங்கை இப்போதைக்கு அவருக்குப் போட்டுக் காட்டாதீர்கள். அப்படி ஒன்று இருப்பதை ஒளித்துவைக்கவும் வேண்டாம், வெளியாட்கள் வாயிலிருந்து கேட்பது அதைவிட மோசம். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியிலோ மறுவாரமோ மகனே சொல்லட்டும். "அப்பா, உங்களை நினைச்சு ஒரு பாட்டு எழுதியிருக்கேன். நீங்க கேக்கணும்னு சொல்றப்ப பாடிக் காட்டுறேன். நீங்க சொல்லாம வெளியில பாட மாட்டேன்." அவ்வளவு போதும். எப்போது கேட்பது என்பதை அவர் கையில் விடுங்கள். கேட்கும் நாள் வந்தால் போனில் போட்டுக் காட்டாமல் அவனே கிடாரோடு எதிரில் உட்கார்ந்து பாடட்டும்.

அவரையும் உட்கார வைத்துப் பாட்டு எழுதச் சொல்லலாமே என்று உங்கள் மகன் ஆரம்பிக்கலாம். போரிலிருந்து திரும்பிய ராணுவத்தினரோடு பாட்டாசிரியர்கள் உட்கார்ந்து அவர்கள் கதையைப் பாட்டாக்கும் அமைப்புகள் அமெரிக்காவில் இருக்கின்றன, நல்ல வேலை செய்கின்றன. அங்கே வருகிறவர்கள் தாங்களாக வருகிறார்கள். குவாலிட்டி மேனேஜரை விட்டுவிடுங்கள்.

மகனுக்குத் தனியாகப் பேச ஆள் வேண்டுமென்றால் இந்த ஊரில் வழி இருக்கிறது. ஃபிராங்க்ளினில் போர்ட்டர்ஸ் கால் என்ற இடம் ரெக்கார்டிங் கலைஞர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருகிறது. கிராமி விருது கொடுக்கும் அமைப்பின் மியூசிகேர்ஸ், இசைத் தொழிலில் இருப்பவர்களின் மருத்துவச் செலவுக்கும் மனநலத்துக்கும் உதவுகிறது. இரண்டுக்கும் தகுதி விதிகள் உண்டு, கேட்டுப் பார்க்கட்டும். 26 வயது வரை உங்கள் இன்சூரன்ஸிலேயே அவன் இருக்கலாம் என்பதால் சாதாரண தெரபிஸ்டிடம் போவதும் கஷ்டமில்லை. அப்பாவின் நோயை ஒரு வருடமாகத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவனுக்கும் யாராவது வேண்டும்.

உங்களுக்கும்தான். வேலைக்குப் போய், வீட்டைப் பார்த்து, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசி, ஊர் வாயையும் சமாளிக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. குடும்ப டாக்டரைப் பார்க்கும்போது உங்களுக்கும் ஒரு நேரம் வாங்கிவிடுங்கள்.

விஸ்கி பாக்கி இருக்கிறது. அந்த வரி உங்கள் மகன் எழுதியதாக இருக்காது என்பது என் ஊகம். அந்த அறையில் இன்னும் ஒருவரோ இருவரோ இருந்திருப்பார்கள், அது அவர்களில் ஒருவருடைய அப்பாவின் விஸ்கியாக இருக்கும். இந்த ஊரில் நாலு பாட்டுக்கு ஒரு பாட்டில் விஸ்கி சும்மாவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மாற்றச் சொல்லிக் கேட்கலாம், தப்பே இல்லை. ஆனால் சேர்ந்து எழுதிய பாட்டில் எல்லாருக்கும் பங்கு உண்டு, மற்றவர்களைக் கேட்காமல் அவனால் ஒரு வரியைத் தொட முடியாது. விஸ்கிக்குப் பதிலாக ஃபில்டர் காபி வைக்க அவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று அவனையே விசாரிக்கச் சொல்லுங்கள்.